திருநங்கை நர்ஸ், வெளிநாட்டு வேலை: துபாயா, அயர்லாந்தா, ஜெர்மனியா, கனடாவா?

மதுரைக்காரி:

வணக்கம். நான் திருநங்கை, வயது 28. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூவில் வேலை பார்க்கிறேன். 2019இல் அன்பு ரூபி அரசு செவிலியராக நியமனம் ஆன செய்தியை வீட்டில் காட்டித்தான் படிப்பை விடாமல் முடித்தேன். ஹார்மோன் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஆபரேஷன் இன்னும் இல்லை. கலெக்டர் ஆபீசில் வாங்கிய அடையாளச் சான்றிதழ் கையில் இருக்கிறது, ஆதாரிலும் பெயர் மாறிவிட்டது. ஆனால் பத்தாவது மார்க்‌ஷீட், டிகிரி, கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் பழைய பெயரில்தான். பாஸ்போர்ட் இனிமேல்தான் எடுக்க வேண்டும்.

வார்டில் என்னை யாரும் விரட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கே வாங்கும் சம்பளத்தில் தம்பியின் கல்விக் கடனைக் கட்டி, என் சிகிச்சைக்கும் பணம் சேர்ப்பது நடக்காத காரியம். வீடு கேட்டுப் போனால் போனில் சரி என்றவர்கள் நேரில் பார்த்ததும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று கதவைச் சாத்துகிறார்கள். அதனால் வெளியே போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எங்கே என்பதுதான் கேள்வி. அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறான். ஏஜெண்ட் தயார், துபாயில் நர்ஸ் வேலை சீக்கிரம் கிடைக்கும், இரண்டு வருடம் முடியை வெட்டிக்கொண்டு பேன்ட் சட்டையில் இரு, பணம் சேர்ந்ததும் உன் இஷ்டம் என்கிறான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வீட்டில் என்னோடு முதலில் பேச ஆரம்பித்தவனே அவன்தான். கூடப் படித்தவர்கள் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். நெட்டில் தேடினால் எந்த நாடு நல்ல நாடு என்று பட்டியல் பட்டியலாக வருகிறது, ஆனால் அதெல்லாம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கா, என்னைப் போல வேலை விசாவில் போய் இறங்குபவளுக்குமா என்று தெரியவில்லை. போய் வாழ்ந்தவர்கள் சொன்னால் நம்புவேன்.

செல்வி, கடலூர்:

தங்கச்சி, துபாய் பேச்சை இன்றோடு விட்டுவிடு. நான் திருநங்கையாக வெளியே வருவதற்கு முன்னால் வளைகுடாவில் ஆண் உடையில் சில வருடம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவள். அப்போது நான் ஹார்மோன் எடுக்கவில்லை, அதனால் தப்பித்தேன். உன் நிலைமை அப்படி இல்லை. முடியை வெட்டலாம், மார்பை என்ன செய்வாய்? விசாவுக்கு முன்னால் எடுக்கும் மெடிக்கலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். அதைத் தாண்டினாலும் கம்பெனி கொடுக்கும் அறையில் ஆண்களோடுதான் படுக்க வேண்டும், ஹார்மோனை நிறுத்த வேண்டும், அதை நிறுத்தினால் உடம்பும் மனசும் என்ன ஆகும் என்று நர்ஸ் உனக்கே தெரியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016இல் கனடாவைச் சேர்ந்த ஜிஜி கார்ஜியஸ் என்ற திருநங்கையை துபாய் விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துத் திருப்பி அனுப்பினார்கள், அவர் பாஸ்போர்ட்டில் பெண் என்றுதான் இருந்தது. 2017இல் சிங்கப்பூரிலிருந்து போன இரண்டு பேரை அபுதாபியில் ஒரு மாலில் உடையைப் பார்த்தே பிடித்தார்கள். முதலில் ஒரு வருட ஜெயில், மேல்முறையீட்டில் அபராதமும் நாடு கடத்தலுமாகக் குறைத்தார்கள். ஓமனில் 2018இல் கொண்டுவந்த சட்டத்திலேயே ஆண் பெண் உடையில் வருவது குற்றம் என்று இருக்கிறது. குவைத்தில் அப்படி ஒரு பிரிவு 2007இலிருந்து இருந்தது, 2022இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் தீர்ப்பை நம்பி நீ அங்கே போய் இறங்க முடியாது.

இன்னொன்று. ஐரோப்பாவுக்குப் போகும்போது டிக்கெட் விலை குறைவு என்று துபாய், தோஹா, அபுதாபி வழியாக எடுக்காதே. விமானம் மாறும் இடத்திலேயே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் விமானம் ரத்தானால் ஹோட்டலுக்கு அனுப்ப இமிக்ரேஷன் தாண்ட வைப்பார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கும் லண்டனுக்கும் நேர் விமானம் இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் பணம், பரவாயில்லை.

ஹாம்பர்க் திருநம்பி:

நான் திருநம்பி, சொந்த ஊர் ஈரோடு, ஐடி வேலையில் ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதியில், ஹாம்பர்க் வந்தேன். சகோதரி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. ஒரு நாட்டில் சட்டம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, என் கையில் இருக்கப்போகும் விசாவுக்கு அந்தச் சட்டம் என்ன தரும் என்று பாருங்கள். பாலினத்தைக் காகிதத்தில் மாற்றிக்கொள்ள ஸ்பெயினில் 2023இலும் அயர்லாந்தில் 2015இலும் நல்ல சட்டம் வந்தது, அர்ஜென்டினா 2012லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு நர்ஸ் வேலையும் வதிவிட அனுமதியும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் சட்டத்துக்கும் அர்த்தம் வரும்.

ஜெர்மனியில் 2024 நவம்பர் 1 முதல் சுயநிர்ணயச் சட்டம், அதாவது பெயரையும் பாலினத்தையும் நாமே அறிவித்து மாற்றிக்கொள்ளும் சட்டம், அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1980ஆம் வருடச் சட்டப்படி இரண்டு நிபுணர்களின் அறிக்கை, நீதிமன்றம் என்று அலைய வேண்டும். இப்போது பதிவு அலுவலகத்தில் முன்னறிவிப்பு கொடுத்து, மூன்று மாதம் கழித்து நேரில் போய் அறிவிப்பு செய்தால் போதும், டாக்டர் கடிதம் வேண்டாம். இது வெளிநாட்டவருக்கும் உண்டு: நிரந்தர வதிவிட உரிமை, புதுப்பிக்கக்கூடிய வதிவிட அனுமதி, ப்ளூ கார்டு, இதில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து செய்ய முடியாது. அப்புறம், இங்கே மாற்றினால் இந்தியப் பாஸ்போர்ட் தானாக மாறாது, அதனால் இரண்டு நாட்டுக் காகிதத்தில் இரண்டு விதமாக நிற்கும் நிலை வரும். முடிந்தால் இந்தியாவிலேயே பாஸ்போர்ட்டைச் சரியான பெயரில் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் அந்த இடைக்காலத்தை டிஜிடிஐ என்ற அமைப்பு தரும் துணை அடையாள அட்டையை வைத்துத்தான் ஓட்டினேன். அதில் நாம் பயன்படுத்தும் பெயரும் இப்போதைய போட்டோவும் இருக்கும், அரசு அடையாள அட்டையின் எண்ணும் இருக்கும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பாஸ்போர்ட்டையும் என் தாடியையும் மாறி மாறிப் பார்த்தபோது அந்தச் சின்ன அட்டையை நீட்டினேன், பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வங்கியிலும் ஜிம்மிலும்கூட அது வேலை செய்தது.

மருத்துவம்: வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பொதுக் காப்பீடு உண்டு, நர்சுகளுக்கு அது கட்டாயம். ஹார்மோனுக்கு மனநல நிபுணரின் கடிதம் வாங்கி எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும், அந்த அப்பாயின்ட்மெண்டுக்கே மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஹார்மோன் எடுப்பவர் என்றால் இந்திய டாக்டரின் கடிதம் ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடும் அளவோடும் இருக்கட்டும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருக்கட்டும். இங்கே என் குடும்ப டாக்டர் அதைப் பார்த்துத்தான் இடைவெளி இல்லாமல் எழுதிக் கொடுத்தார். அறுவை சிகிச்சைக்கும் காப்பீட்டில் விண்ணப்பிக்கலாம், ஆனால் 2023 அக்டோபரில் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் ஒரு வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் இழுத்தடிப்பது கூடியிருக்கிறது. உடனே கிடைக்கும் என்று எண்ணி வராதீர்கள்.

நர்சுக்கு முக்கியமான சிரமம் மொழி. ஜெர்மன் மொழித் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக நிலைகள் உண்டு. விசாவுக்குப் பொதுவாக பி1, முழு நர்ஸாகப் பதிவு செய்ய பி2 வேண்டும். உங்கள் டிகிரியை அங்கீகரிக்கும்வரை உதவி நர்ஸ் சம்பளத்தில்தான் இருப்பீர்கள், தகுதித் தேர்வோ பயிற்சிக் காலமோ முடிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஜெர்மனிக்கு நர்சுகளை அனுப்புகிறது, தனியார் ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் அங்கே விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடிப் பாருங்கள்: எந்த ஊர், எத்தனை வருடத்துக்குள் விலகினால் எவ்வளவு பணம் திருப்பிக் கட்ட வேண்டும். ஹாம்பர்க், பெர்லின், கொலோன் என்றால் நம்மைப் போன்றவர்களும் ஆலோசனை மையங்களும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். ஏஜெண்டுகள் பெரும்பாலும் ஆள் கிடைக்காத சின்ன ஊர் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே நீங்கள் ஒருவர்தான் கறுப்பு நிறம், நீங்கள் ஒருவர்தான் திருநங்கை என்று இருந்தால் குளிர்காலம் மிகவும் கஷ்டம். நாட்டைவிட ஊர் முக்கியம் என்பேன்.

கார்க்கில் ஒரு நாகர்கோவில்காரி:

வணக்கம் சிஸ்டர். நான் திருநங்கை இல்லை, அயர்லாந்தில் நர்ஸ், உங்கள் துறைக்காரி என்பதால் எழுதுகிறேன். அயர்லாந்தில் வேலை கிடைப்பது சுலபம், ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, நர்சிங் போர்டு கடிதம், அப்புறம் டப்ளினில் ஆப்டிட்யூட் டெஸ்ட் அல்லது மருத்துவமனையில் அடாப்டேஷன் என்ற பயிற்சிக் காலம். ஆள் தட்டுப்பாடு உள்ள வேலைகளுக்குத் தரும் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட்டில் நர்ஸ் உண்டு. இங்கே வழக்கமாக வசிக்கும் வெளிநாட்டவரும் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், டாக்டர் சான்று கேட்பதில்லை. என் வார்டில் ஒரு ஐரிஷ் திருநங்கை வேலை பார்க்கிறாள், அவளைப் பெயர் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், உடைமாற்றும் அறையில் ஒருநாளும் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஹார்மோன் விஷயத்தில் அவள் படும் பாட்டைப் பார்க்கிறேன். நாடு முழுவதற்கும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு அரசு பாலின சேவை மையம், காத்திருப்பு வருடக்கணக்கில். ஜிபிகள், அதாவது குடும்ப டாக்டர்கள், நிறைய பேர் எழுதித் தரத் தயங்குகிறார்கள். அவள் தன் சொந்தப் பணத்தில் ஆன்லைன் கிளினிக்கில்தான் வாங்குகிறாள். உங்களுக்கு நடந்துகொண்டிருக்கும் மருந்து தடைபடக் கூடாது என்றால் இதை யோசியுங்கள். வாடகையும் கொடுமை, டப்ளினில் ஒரு அறைக்கே சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும்.

இங்கிலாந்தில் என் தங்கை இருக்கிறாள். 2025 ஏப்ரல் 16 அன்று அங்கே உச்ச நீதிமன்றம் சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பின்போதான பாலினம்தான் என்று சொல்லிவிட்டது. திருநர் என்பதால் வேலையை விட்டு நீக்குவதோ தொல்லை தருவதோ இன்னமும் சட்டவிரோதம்தான், அது போகவில்லை. ஆனால் மருத்துவமனைகளில் நர்சுகளின் உடைமாற்றும் அறையே வழக்காகித் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. தினமும் யூனிஃபார்ம் மாற்றும் நம் வேலைக்கு இது சின்ன விஷயமே இல்லை. இப்போதைக்கு நான் உங்களை அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

ஸ்காபரோ மாலா:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். திருநங்கை. கனடாவுக்கு அகதிக் கோரிக்கையில் வந்து இப்ப நிரந்தர வதிவிடம். இலங்கையில் 2016இல் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்குச் சுற்றறிக்கை வந்தது உண்மைதான், ஆனால் தெருவில் பொலிஸ் பிடிக்கிறபோது அந்தக் காகிதத்தை ஆரும் பார்ப்பதில்லை, தெருவில் நிற்கிறவர்களைப் பிடிக்கப் பயன்படுத்துகிற அந்தப் பழைய நாடோடிச் சட்டமும், தன்பாலின உறவைக் குற்றமாக்கிற 365ஏ பிரிவும் அப்படியேதான் இருக்கின்றன. என்னுடைய கதை வேறு, உங்களுடையது வேறு, அதனால் ஒன்றை வடிவாகச் சொல்ல வேணும்: எந்த ஏஜெண்டாவது விசிட் விசாவில் போய் அகதி என்று சொல்லு, திருநங்கை என்றால் உடனே தருவார்கள் என்று கதைத்தால் அந்த ஆளை விட்டு விலகுங்கோ. அது உயிருக்கு ஆபத்து இருக்கிற ஆக்களுக்கான வழி. கேள்விக்கு மேல் கேள்வி கேட்பார்கள், தோற்றால் பிறகு எந்த விசாவும் கஷ்டம். உங்களிடம் படிப்பு இருக்கு, அந்த வழியில் வாங்கோ.

படிப்பு வழி என்றால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டு நிரந்தர வதிவிடம் தருகிற முறை. அதில் மருத்துவத் துறைக்குத் தனிப் பிரிவு இருக்கு. நர்சிங் தகுதி மதிப்பீடு, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் பதிவுத் தேர்வு, மாகாணப் பதிவு என்று நேரமும் காசும் போகும், ஆனால் நிரந்தர வதிவிடத்தோடு வந்து இறங்கினால் ஒரு முதலாளியின் கையில் உங்கள் விசா இருக்காது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிசு. கனடாவில் 2017இலிருந்து பாலின அடையாளம் மனித உரிமைச் சட்டத்தில் இருக்கு. ஒன்ராறியோவில் ஒரு வருடம் இருந்தால் பெயர் மாற்ற விண்ணப்பிக்கலாம். ஓஹிப் என்கிற மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை வந்தால் டொக்டரைப் பார்ப்பதற்குக் காசில்லை, அறுவை சிகிச்சைக்கும் முன் அனுமதி எடுத்தால் அரசாங்கம் கட்டும், ஆனால் வரிசை நீளம். மாத்திரைக்கு வேலையிடத்துக் காப்புறுதி வேணும். படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஓஹிப் இல்லை, மாணவர் விசாவை யோசிக்கிறவர்கள் அதைக் கவனியுங்கோ. அல்பேர்ட்டாவில் 2024இல் திருநர் பிள்ளைகளுக்கு எதிராகச் சட்டங்கள் கொண்டுவந்தார்கள், பெரிய ஆக்களுக்கு நேரடியாக இல்லை என்றாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும்தானே.

எங்கட சனத்தைப் பற்றியும் சொல்ல வேணும். ரொறன்ரோவில் தமிழ்ச் சனம் கனக்க, அது ஆறுதலும்தான், பாரமும்தான். தமிழ்க் கடையில் மீன் வாங்கப் போனால் காசாளர் அக்கா என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டு மீனை வெட்டித் தரச் சொல்லிக் கொடுப்பா. அதே கடையில் வரிசையில் நிற்கிற மனுசன் போனை எடுத்துப் படம் பிடிப்பார். கோயிலில் ஐயர் அர்ச்சனைக்கு என் பெயரைச் சரியாகத்தான் சொல்கிறார், அன்னதானத்தில் பக்கத்தில் இருக்கிற மனுசி எழும்பிப் போறா. இரண்டும் நடக்கும். வெள்ளைக்காரர் அப்பார்ட்மென்ட் தந்தார், தமிழ் வீட்டுக்காரர் பேஸ்மென்ட் தரவில்லை.

கேள்வி மட்டும் (புதியவர்):

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அமெரிக்கா பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் திருநம்பி, டெஸ்டோஸ்டிரோன் ஊசியோடு பயணம் செய்வது பற்றியும் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஹாம்பர்க் திருநம்பி:

தோழர், அமெரிக்காவை இப்போது நான் பட்டியலிலேயே வைக்க மாட்டேன். 2025 ஜனவரி 20 அன்று வந்த அதிபர் உத்தரவுக்குப் பிறகு அரசுக் காகிதங்களில் பிறப்பின்போதான பாலினம் மட்டும்தான், விசாவுக்கும் அதுவே. பாஸ்போர்ட் விஷயத்தில் அந்தக் கொள்கையை வழக்கு நடக்கும்போதே அமல்படுத்தலாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. ஜெர்மனி, டென்மார்க், பின்லாந்து எல்லாம் தங்கள் திருநர் குடிமக்களுக்கு அமெரிக்கப் பயண அறிவுரையையே மாற்றின. வேலை விஷயமாகப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், விசா படிவத்தில் எழுதும் முன் அங்குள்ள குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள், பாலினக் கட்டத்தில் எழுதுவதையே பொய்த்தகவல் என்று திருப்பிவிட இடம் இருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, ஸ்டீராய்டு வகை. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றிலும் அப்படித்தான். மருந்துச் சீட்டு, டாக்டர் கடிதம், மருந்தின் அசல் பெட்டி, மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும், பயணக் காலத்துக்குத் தேவையான அளவு மட்டும். ஊசியும் சிரிஞ்சும் கடிதத்தில் குறிப்பிடப்பட்டிருக்கட்டும்.

தாய்லாந்து பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றவும் அறுவை சிகிச்சைக்கும் நல்ல இடம், மக்கள் வெறித்துப் பார்ப்பதில்லை. 2025 ஜனவரி முதல் தன்பாலினத் திருமணமும் செல்லும். ஆனால் பாலினத்தை மாற்ற அங்கே சட்டமே இல்லை, தாய்லாந்துத் திருநங்கைகளே அடையாள அட்டையில் 'திரு' போட்டுத்தான் திரிகிறார்கள். குடியேற நினைக்க வேண்டாம்.

ஆவணத் தன்னார்வலர், சென்னை:

மதுரைத் தோழிக்கு. நாடு எதுவானாலும் முதல் தடை உங்கள் காகிதம்தான். டிகிரியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றால் எந்த நர்சிங் போர்டும் கோப்பை ஓரமாக வைத்துவிடும். சான்றிதழ் இருக்கிறது, நல்லது. அடுத்தது அரசிதழில் பெயர் மாற்றம். அந்த இரண்டையும் வைத்துப் பத்தாவது, பன்னிரண்டாவது, பல்கலைக்கழகம், நர்சிங் கவுன்சில் என்று வரிசையாகப் போங்கள். திருநர் உரிமைச் சட்டத்துக்கான 2020ஆம் வருட விதிகளின் பின்னிணைப்பில் மாற்றித் தர வேண்டிய ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது, பள்ளி, பட்டச் சான்றிதழ்களும் அதில் உண்டு. எங்கள் அனுபவத்தில் பல்கலைக்கழகக் கவுன்டரில் 'முடியாது' என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். விதியின் நகலை இணைத்து எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முத்திரை இருந்தால்தான் பின்னால் கலெக்டரிடமோ கோர்ட்டிலோ பேச முடியும்.

பாஸ்போர்ட்டில் பாலினக் கட்டத்தில் எம் (ஆண்), எஃப் (பெண்), டி (திருநர்) மூன்றும் உண்டு. டி போட்டால் பல நாட்டு ஆன்லைன் விசா படிவங்களில் அதற்கு இடமே இல்லை, விமான டிக்கெட் தளங்களிலும் இதே தொல்லை. எதைப் போட முடியும் என்பது உங்கள் கையில் இருக்கும் சான்றிதழைப் பொறுத்தது, அது அடையாளச் சான்றிதழா, சிகிச்சைக்குப் பிறகு திருத்தி வாங்கியதா என்று பார்ப்பார்கள். சட்டத்தைத் திருத்தினால் இந்த நடைமுறையும் மாறும், ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் இருக்கும் விதியைப் பாருங்கள். இருக்கும் சான்றிதழை ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

மதுரைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செல்வி அக்கா எழுதியதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். அந்த அபுதாபி விஷயம் அவனுக்குத் தெரியவில்லை. படித்துவிட்டு ராத்திரி போன் பண்ணினான், இனிமேல் ஏஜெண்ட் பேச்சை எடுக்க மாட்டேன் என்றான். ஜெர்மனிக்கு மொழிக் கட்டணத்தில் பாதியைத் தான் தருவதாகச் சொல்கிறான்.

மருந்து தடைபடக் கூடாது என்பது எனக்கு முதல் விஷயம், அதனால் அயர்லாந்தை இப்போது விடுகிறேன். மாலா அக்கா சொன்ன மாதிரி விசா முதலாளி கையில் இல்லாமல் இருப்பது ஆசைதான், ஆனால் கனடாவுக்கு இப்போது என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. ஜெர்மனிக்கு முயற்சி செய்கிறேன், பெரிய ஊர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஏ1 வகுப்பை மதுரையில் இருந்துகொண்டே ஆன்லைனில் படித்தால் போதுமா? தேர்வு எங்கே எழுத வேண்டும்?

ஹாம்பர்க் திருநம்பி:

ஏ1, ஏ2 ஆன்லைனில் போதும். பி1இலிருந்து பேச ஆள் வேண்டும், முடிந்தால் நேரடி வகுப்பு. தேர்வை சென்னை கோதே இன்ஸ்டிட்யூட்டில் எழுதலாம், கோயம்புத்தூரிலும் கோதே மையம் இருக்கிறது, இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒன்றே ஒன்று: தேர்வுச் சான்றிதழில் அடையாள ஆவணத்தில் உள்ள பெயர்தான் அச்சாகும். புதுப் பெயரில் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை பி1 தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள், படித்துக்கொண்டே இருங்கள். ஒப்பந்தம் வந்தால் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள், ஜெர்மனில் இருக்கும் பக்கத்தை நான் படித்துச் சொல்கிறேன்.